டெல்டாவிலிருந்து பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு: சேர்க்கை முறையின் பின்னணி

காவிரிப் படுகையைப் பெரிய கல்வி நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத பகுதி என்று சொல்ல முடியாது. திருச்சிக்குக் கிழக்கே துவாக்குடியில், 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசியத் தொழில்நுட்பக் கழகமாக மாறிய என்.ஐ.டி. இருக்கிறது. தஞ்சாவூரில் 1981இல் நிறுவப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும், மழையில் நனைந்த நெல்லைக் காப்பாற்றும் ஆராய்ச்சியில் தொடங்கி 2021இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக உயர்ந்த நிஃப்டெம் என்னும் உணவுத் தொழில்நுட்பக் கழகமும் உள்ளன. திருவாரூரை அடுத்த நீலக்குடியில் 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த மத்தியப் பல்கலைக்கழகம், நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம், கொள்ளிடம் தாண்டினால் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், காரைக்காலில் மற்றொரு என்.ஐ.டி.யும் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளையும் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் எதன் வாசலுக்கும் படுகையின் எந்த ஊரிலிருந்தும் காலையில் பேருந்து ஏறி மாலைக்குள் திரும்பிவிடலாம்.

ஆனால் அந்த வாசலுக்குள் மாணவராக நுழைவது வேறு விஷயம். பிளஸ் டூ முடிவு வந்த பிறகு வீடுகளில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் மதிப்பெண்ணைச் சுற்றியும், பக்கத்தில் எந்தக் கல்லூரி இருக்கிறது என்பதைச் சுற்றியுமே அமைகிறது. மேற்சொன்ன நிறுவனங்களில் பலவற்றுக்கான விண்ணப்பக் காலம் அதற்குச் சில மாதங்கள் முன்பே முடிந்துவிட்டிருக்கும். எந்தத் தேர்வு, எந்தத் தரவரிசை, எந்தத் தேதி, எந்தச் சான்றிதழ் என்ற நான்குமே இடத்தைத் தீர்மானிக்கின்றன. வீட்டுக்கும் வளாகத்துக்கும் இடையே உள்ள தூரத்துக்கு அதில் ஏறக்குறையப் பங்கே இல்லை. பெயர்பெற்ற அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றை மனத்தில் வைத்து விண்ணப்பிக்கும் குடும்பம் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

ஒரே பெயர், பல வளாகங்கள்

நம் நாட்டில் பல்கலைக்கழகம் என்ற பெயர் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்ட அமைப்புகளுக்கு வழங்கி வருவதால், பின்னணியைக் கொஞ்சம் பின்னோக்கிச் சென்றே பார்க்க வேண்டியிருக்கிறது. 1857இல் சென்னை, பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது, அவை வகுப்பறையில் பாடம் நடத்தும் இடங்களாக இருக்கவில்லை. பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் வழங்குவதே அவற்றின் வேலை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854இல் தொடங்கப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், அது தனக்குப் பட்டம் வழங்க வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தைவிட மூன்று ஆண்டுகள் மூத்தது என்பது தெரியும். கணிதமேதை ராமானுஜன் 1904இல் உதவித்தொகையோடு சேர்ந்து, மற்ற பாடங்களில் தேறாததால் அந்த உதவித்தொகையை இழந்த கல்லூரியும் அதுவே.

இந்த இணைப்பு முறை இன்றளவும் தொடர்கிறது. 1982இல் பாரதிதாசன் பல்கலைக்கழகம் உருவானபோது, திருச்சி, தஞ்சை வட்டாரக் கல்லூரிகள் சென்னையிலிருந்து பிரிந்து அதன்கீழ் வந்தன. பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகளில் நடப்பவை பெரும்பாலும் முதுகலையும் ஆராய்ச்சியும்தான். ஆகவே இளங்கலைக்குச் சேரும் ஒரு மாணவர் 'பாரதிதாசனில் படிக்கிறேன்' என்று சொன்னால், அவர் உண்மையில் படிப்பது கும்பகோணத்திலோ தஞ்சாவூர் சரபோஜி கல்லூரியிலோ பூண்டியிலோ உள்ள ஒரு கல்லூரியில் என்றே பொருள். பட்டச் சான்றிதழில் இருக்கும் பல்கலைக்கழகப் பெயர் இவர்கள் அனைவருக்கும் ஒன்று. ஆசிரியர், நூலகம், ஆய்வகம், சக மாணவர் எல்லாம் வேறு. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் இந்த மரபுக்கு விலக்காக இருந்தது. ஒரே வளாகத்தில் தங்கிப் படிக்கும் கல்வி நிலையமாகவே அது வளர்ந்தது. நிதி நெருக்கடிக்குப் பிறகு 2013இல் மாநில அரசு அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

பொறியியலில் இந்தக் குழப்பம் இன்னும் பெரிது. 1978இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்தத் துறைகள் என்றால் நான்கு வளாகங்களைத்தான் குறிக்கும்: 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, கட்டடக்கலைப் பள்ளி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. அடுத்த வட்டத்தில், பல்கலைக்கழகமே நடத்தும் அதன் உறுப்புக் கல்லூரிகள் வருகின்றன. படுகையில் திருக்குவளையிலும் பட்டுக்கோட்டை ராஜாமடத்திலும் இருப்பவை இந்த வகை. செங்கிப்பட்டியில் உள்ள தஞ்சாவூர் அரசுப் பொறியியல் கல்லூரி மாநில அரசு நேரடியாக நடத்தும் இணைப்புக் கல்லூரி. இவற்றுக்கு அப்பால் மாநிலம் முழுவதும் 400க்கும் மேற்பட்ட கல்லூரிகள் இணைப்புப் பெற்றுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தனியார் நடத்துபவை. இத்தனைக்கும் பட்டம் வழங்குவது ஒரே பல்கலைக்கழகம். ஊரில் யாராவது தம் பிள்ளைக்கு 'அண்ணா யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்துவிட்டது' என்று சொன்னால், மகிழ்ச்சி தெரிவித்த கையோடு எந்த வளாகம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனங்களும் அதைத்தான் கேட்கின்றன.

வேளாண்மைக்கு ஒரு வரி போதும். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922இலிருந்து இயங்குகிறது, ஏ.டி.டி. 43, ஏ.டி.டி. 45 என்று விதை மூட்டையில் அதன் பெயரைப் பார்க்காத குறுவை விவசாயி இல்லை. ஆனால் அது கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் அங்கம் என்பதும், அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஈச்சங்கோட்டையில் இளநிலைப் பட்டப்படிப்புக்கு ஒரு கல்லூரி இருக்கிறது என்பதும் அதே விவசாயிகளின் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

பெயர் எதற்குப் பயன்படுகிறது

ஒரு நிறுவனத்தின் பெருமையை அளக்க இன்று பெரும்பாலானோர் எடுத்துக்கொள்வது, 2016 முதல் மத்திய அரசு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை. பொறியியல் பட்டியலில் திருச்சி என்.ஐ.டி. மற்ற எல்லா என்.ஐ.டி.க்களுக்கும் மேலே இருந்து வருகிறது. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று 2024இல் முதன்முறையாகத் தனிப் பட்டியல் வந்தபோது அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. இவை மதிக்கத்தக்க தகவல்களே. ஆனால் மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பொறியியல் நிறுவனங்களுக்கு, கற்பித்தலுக்கும் அதற்கான வளங்களுக்கும் 30 பங்கு, ஆராய்ச்சிக்கு 30 பங்கு, தேர்ச்சிக்கும் அதன் பின் கிடைக்கும் பலன்களுக்கும் 20 பங்கு, பல தரப்பினரையும் உள்ளடக்குவதற்கு 10 பங்கு, வெளியில் உள்ள நற்பெயருக்கு 10 பங்கு. இளநிலை முதலாண்டில் சேரும் மாணவருக்கு அங்கே நடக்கும் ஆராய்ச்சியால் நேரடிப் பயன் குறைவு. பட்டியலிலோ அது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவான இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தரவுகளில் பெரும்பகுதியை நிறுவனங்களே தருகின்றன என்பதும், இடம் முழு நிறுவனத்துக்கு வழங்கப்படுகிறதே தவிரத் தனித்தனித் துறைக்கு அல்ல என்பதும் சேர்த்து எண்ணத்தக்கவை.

பட்டியலில் இல்லாத ஒன்று, மாநிலப் பல்கலைக்கழகங்களின் நிர்வாக நிலை. அண்மை ஆண்டுகளில் பல மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தர் பணியிடம் நிரப்பப்படாமல் நின்றதும், அந்தப் பிணக்கு ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான வழக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்றதும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவை. அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர்களின் இடத்தில் கௌரவ விரிவுரையாளர்கள் பெருமளவில் பாடம் நடத்துவதும் பழைய கதை. ஒரு கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே இப்போது படிக்கும் ஒருவரிடம், நாம் சேர விரும்பும் துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்பது, தரவரிசை எண்ணைப் பார்ப்பதைவிடக் கூடுதலாகப் பயன் தரும் என்பது என் கருத்து.

பிறகு பெயரால் என்னதான் கிடைக்கிறது? முதலாவது, என் மதிப்பீட்டில் மிக முக்கியமானது, கூடப் படிப்பவர்கள். கடும் போட்டியில் தேர்ந்து வந்த பல மாநிலத்துப் பிள்ளைகளோடு நான்கு ஆண்டுகள் ஒரே விடுதியில் இருப்பது, எந்தப் பாடத்திட்டமும் தர முடியாத பழக்கத்தைத் தருகிறது. முன்பு படித்துச் சென்றவர்களின் தொடர்பும் அதன் நீட்சிதான். இரண்டாவது, வேலைக்கு ஆள் எடுக்கும் பெரிய நிறுவனங்கள் எல்லாக் கல்லூரிக்கும் போவதில்லை என்ற நடைமுறை. மூன்றாவது, கல்விக்கடன். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருவோருக்குச் சொத்துப் பிணையோ ஜாமீன்தாரரோ இல்லாமல் கடன் கிடைக்கும். தொடக்கத்தில் 860 நிறுவனங்கள் அதில் இடம்பெற்றன. அவற்றைத் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் என்.ஐ.ஆர்.எஃப். அடிப்படையில்தான். நிலம் குத்தகைக்கு உழுபவருக்குப் பிணை வைக்கச் சொந்தச் சொத்து இருக்காது என்பதால், படுகையில் இது சிறிய விஷயம் அல்ல.

நான்காவது ஒன்று படுகைக்கே உரியது. மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் சிங்கப்பூரோடோ வளைகுடாவோடோ தொடர்பில்லாத தெரு குறைவு. சிங்கப்பூர் அரசு 2023 செப்டம்பர் முதல், உயர்நிலைப் பணி அனுமதிக்கு 'காம்பஸ்' என்ற புள்ளி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. தேறுவதற்கு 40 புள்ளிகள் வேண்டும். அதில் கல்வித் தகுதி என்ற தலைப்பில், முதல்நிலை நிறுவனம் என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட இடத்துப் பட்டத்துக்கு 20 புள்ளி, மற்ற பட்டத்துக்கு 10. படித்த இடத்தின் பெயர் எண்ணாகவே மாறி நிற்கும் இடம் இது. வெளிநாட்டை மனத்தில் வைத்துப் படிக்க வைக்கும் குடும்பங்கள், சேர்வதற்கு முன்பே அந்தப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடலாம்.

இரண்டு வகை வாசல்

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு 1984 முதல் நடந்துவந்த நுழைவுத் தேர்வு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின் அண்ணா பல்கலைக்கழக வளாகங்களும் அரசு, உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் ஒரே கலந்தாய்வில், பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் கொண்டு நிரப்பப்படுகின்றன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் இன்று கடைத்தெருவில் இருப்பவருக்கும் தெரியும். தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட முடியாத, பள்ளிப் பாடத்தை மட்டும் நம்பிப் படிக்கும் மாணவருக்கு இந்த வாசல் நியாயமானது. ஆனால் பெயர்பெற்ற வளாகங்களுக்கு அது மிகக் குறுகலானது: கிண்டியில் கணினி அறிவியலுக்குப் பொதுப் பிரிவில் 199ஐ ஒட்டி நிற்க வேண்டியிருக்கிறது. அரை மதிப்பெண்ணில் நூற்றுக்கணக்கானோர் முன்னே போய்விடுவார்கள்.

மற்றொரு வகை வாசல் அகில இந்தியத் தேர்வுகள். என்.ஐ.டி.க்களுக்கும் நிஃப்டெமுக்கும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு, ஐ.ஐ.டி.க்கு அதைத் தாண்டி மேல்நிலைத் தேர்வு; திருவாரூர் உள்ளிட்ட மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் சி.யு.இ.டி. என்னும் பொது நுழைவுத் தேர்வு; மருத்துவத்துக்கு நீட். முதன்மைத் தேர்வையும் சி.யு.இ.டி.யையும் நீட்டையும் தமிழிலேயே எழுதலாம் என்பது இன்னும் பரவலாகத் தெரியவில்லை, ஜே.இ.இ. மேல்நிலைத் தேர்வு மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். கேள்வித்தாளின் போக்கு நம் பொதுத்தேர்வின் போக்கிலிருந்து வேறுபட்டது என்பது உண்மை. அதைச் சொல்லியே பலர் விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஐ.ஐ.டி.க்குத் தேவைப்படும் மதிப்பெண்ணையும், தமிழ்நாட்டு ஒதுக்கீட்டில் என்.ஐ.டி.யின் ஏதோ ஒரு பிரிவுக்கோ நீலக்குடியில் ஒரு அறிவியல் படிப்புக்கோ தேவைப்படும் மதிப்பெண்ணையும் ஒன்றாக எண்ணி அஞ்சுவதே இங்கே நடக்கும் பிழை.

காலண்டர் இன்னும் பெரிய தடை. ஜே.இ.இ. முதன்மைத் தேர்வின் முதல் கட்டத்துக்கு அக்டோபர், நவம்பரில் விண்ணப்பிக்க வேண்டும், தேர்வு ஜனவரியில். வடகிழக்குப் பருவமழைக்குப் பள்ளிகள் விடுமுறை விட்டு, சம்பா வயலில் தண்ணீர் வடியுமா என்று வீடே கவலையில் இருக்கும் மாதங்கள் அவை. சி.யு.இ.டி. விண்ணப்பம் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையே சில வாரங்கள் மட்டும் திறந்திருக்கும். அது சம்பா அறுவடையும் நெல் கொள்முதல் நிலையத்தில் காத்திருப்பும் நடக்கும் நேரம். மே மாதம் முடிவு வந்தபின் நீலக்குடியைப் பற்றி விசாரிக்கத் தொடங்கும் திருவாரூர் மாணவருக்கு, தன் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் முக்கிய வழி அந்த ஆண்டுக்கு ஏற்கெனவே அடைபட்டிருக்கும். பள்ளிகள் இந்தத் தேதிகளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவித்தாலே பாதிச் சிக்கல் தீரும்.

உள்ளூர் ஒதுக்கீடு என்பதும் எதிர்பார்க்கும் வகையில் அமையவில்லை. என்.ஐ.டி.க்களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு உரியவை. எனவே நாகப்பட்டினம் மாணவர் திருச்சி என்.ஐ.டி.யில் உள்மாநிலத்தவர். அவர் வீட்டுக்கு அதைவிடப் பக்கத்தில் உள்ள காரைக்கால் என்.ஐ.டி.யிலோ அவர் வெளிமாநிலத்தவர், ஏனெனில் அது புதுச்சேரிக்கு உரியது. மாவட்ட அளவில் முன்னுரிமை எதுவும் கிடையாது.

சான்றிதழ்களின் சங்கடம்

இடஒதுக்கீட்டுக் கணக்கும் இரு வாசல்களிலும் ஒன்றல்ல. மாநில நிறுவனங்களில் மொத்தம் 69 விழுக்காடு. மத்திய நிறுவனங்களில் இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5, பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு 10. மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்று பிரித்து வழங்கப்படும் சாதிச் சான்றிதழ், மத்திய நிறுவனத்தில் அப்படியே செல்லாது. அங்கே மத்தியப் பட்டியலில் சாதியின் பெயர் இருக்க வேண்டும், 8 லட்ச ரூபாய் என்ற வருமான வரம்பை வைத்துக் கணக்கிடப்படும் முன்னேறிய பிரிவில் குடும்பம் வரக் கூடாது, அதற்குரிய படிவத்தில் சான்றிதழ் பெற வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. போன்றவற்றுக்குச் சேர்த்து நடக்கும் ஜோசா கலந்தாய்வில் அந்த ஆண்டு ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பின்னரோ வாங்கிய சான்றிதழைக் கேட்கிறார்கள். சென்ற ஆண்டு அண்ணனுக்கு வாங்கியதை வைத்துச் சமாளிக்க முடியாது என்பது ஜூன் மாதம் வட்டாட்சியர் அலுவலகத்தில் நின்றபிறகே பலருக்குத் தெரிய வருகிறது. இ-சேவை மையத்தில் ஏப்ரலிலேயே விண்ணப்பித்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரின் முதலெழுத்து ஒரே மாதிரி இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். நம் ஊர் இனிஷியல் வழக்கம் அகில இந்தியப் படிவங்களோடு ஒத்துப்போவதே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் முற்றிலும் ஒதுக்கப்பட்டுவிடவில்லை. என்.ஐ.டி. இடத்துக்கு 75 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 65 விழுக்காடு, அல்லது தம் வாரியத்தில் தேறியவர்களில் முதல் 20 விழுக்காட்டினருக்குள் இருப்பது என்ற நிபந்தனை இருக்கிறது.

ஜூன் மாதத்துப் பணம்

அரசு நிறுவனம் என்றால் செலவில்லை என்ற எண்ணம் பாதி உண்மை. அரசுக் கலைக் கல்லூரியில் ஓராண்டுக் கட்டணம் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். என்.ஐ.டி.யில் கல்விக்கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய்; விடுதியும் உணவும் தனி. ஆனால் அங்கே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கல்விக்கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மற்றவர்களிலும் குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்துக்குள் இருந்தால் முழுவதும், 5 லட்சத்துக்குள் இருந்தால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. இதைக் கணக்கில் எடுத்தால், பல வீடுகளுக்கு என்.ஐ.டி. கட்டணம் பக்கத்துத் தனியார் கல்லூரிக் கட்டணத்தைவிடக் குறைவாகவே வரும். தொகையைக் கேட்டவுடன் பின்வாங்காமல், வருமானச் சான்றிதழோடு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாநில வாசலில் 7.5 விழுக்காட்டு உள்ஒதுக்கீடு இன்னும் பெரிய உதவி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றிலும் வந்தது இது. இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேருவோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. மாணவிகளுக்கான புதுமைப்பெண், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாயும் வருகிறது.

தொகையைவிட அது கேட்கப்படும் நேரம்தான் படுகையில் சிக்கல். மேட்டூர் அணை திறக்க வழக்கமாகக் குறிக்கப்படும் நாள் ஜூன் 12. அதைத் தொடர்ந்து உழவு, நாற்று, நடவு என்று கையிலிருக்கும் பணம் முழுவதும் வயலுக்குப் போய்விடும். குறுவை நெல் பணமாகத் திரும்புவது செப்டம்பர், அக்டோபரில்தான். ஜோசா கலந்தாய்வு ஜூனில் தொடங்குகிறது. ஒதுக்கீடு வந்தால் சில நாள் அவகாசத்தில் பல ஆயிரம் ரூபாய் இருக்கை ஏற்புக் கட்டணத்தை இணையவழியில் செலுத்தியாக வேண்டும். மாநிலக் கலந்தாய்வின் சுற்றுகளும் ஜூலை, ஆகஸ்ட்டில் விழுகின்றன. கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்துக் கட்டுவது பழகிப்போன வழிதான் என்றாலும், அதே நகை நடவுக் கடனுக்கும் வேண்டியிருக்கும். பிப்ரவரியில் சம்பா விற்ற பணத்தில் முதல் பருவக் கட்டணத்துக்கு ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் வீடுகள் இந்த நெருக்கடியைத் தாண்டிவிடுகின்றன.

இதே நேரத்தில் தனியார் நிறுவனங்களிலும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் முன்பணம் கட்டி இடம் பிடிக்கும் பழக்கமும் உண்டு. பின்னர் அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தாலும், கட்டிய பணம் போய்விடுமே என்று அங்கேயே தங்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. அசல் சான்றிதழ்களை நிறுத்திவைக்கவும் கூடாது. ஆண்டுதோறும் அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டால் முடிவெடுக்கத் துணிவு வரும்.

வளாகமா, பாடப்பிரிவா

நல்ல வளாகத்தில் விரும்பாத பிரிவா, சுமாரான கல்லூரியில் விரும்பிய பிரிவா என்பது ஒவ்வொரு ஆண்டும் எழும் கேள்வி. இதற்குப் பொது விடை இல்லை என்பதை ஒப்புக்கொண்டே என் சாய்வைச் சொல்கிறேன். எந்தத் துறையிலும் குறிப்பான ஈடுபாடு இன்னும் வராத மாணவர், கிண்டி, திருச்சி போன்ற இடங்களில் கிடைக்கும் பிரிவை எடுத்துக்கொள்ளலாம். அங்கே பிரிவைக் கடந்து கற்கவும் வேலை தேடவும் வழி அதிகம். ஒரு துறையில் உறுதியான விருப்பம் உள்ளவரைப் பெயருக்காக வேறொரு துறையில் தள்ளுவது தவறு. அவருக்கு அரசு, உதவிபெறும் கல்லூரிகளில் இரண்டாம் வரிசையில் உள்ள காரைக்குடி, கோவை, மதுரை வளாகங்களே பொருத்தம். மாநிலக் கலந்தாய்வில் ஒதுக்கிய இடத்தை ஏற்றுக்கொண்டே மேல்நோக்கிய விருப்பத்துக்குக் காத்திருக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல், கிடைத்ததில் முதல் நாளே உறுதி செய்துவிடுபவர்கள் மேலே காலியாகும் இடத்தை இழக்கிறார்கள்.

பெண்பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கும் வீடுகள் இன்னும் உள்ளன. உழவன், மன்னை, சோழன் விரைவு ரயில்கள் சென்னைக்கு ஓடத்தான் செய்கின்றன. தயக்கம் விடுதியைப் பற்றியது. அரசு வளாகங்களின் மகளிர் விடுதிகளை, சேர்வதற்கு முன் அம்மாவும் மகளுமாக ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வருவது, அக்கம்பக்கத்து அபிப்பிராயங்களைக் கேட்பதைவிடத் தெளிவு தரும்.

உள்ளூரில் தங்கியே தீர வேண்டியவர்களுக்கும் ஒரு வழி இப்போது திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் பட்டத்துக்கு ஜே.இ.இ. வேண்டாம், அவர்களே நடத்தும் தகுதிச் சுற்றில் தேறினால் போதும், வருமானத்துக்கேற்பக் கட்டணச் சலுகையும் உண்டு. இரண்டு பட்டங்களை ஒரே காலத்தில் படிக்க மானியக் குழு 2022இல் அனுமதித்துவிட்டதால், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். சுமை அதிகம்தான், இரண்டிலும் தேர்வு எழுத வேண்டும்.

உண்மையில் இந்த முடிவுகளில் பாதி, பத்தாம் வகுப்பு முடிந்த கோடையிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. பிளஸ் ஒன்னில் கணிதத்தை விட்டால் பொறியியல் வாசல்கள் அநேகமாக மூடிவிடும். மதிப்பெண் கூடும் என்று எண்ணி அரசுப் பள்ளி மாணவரை அந்த நேரத்தில் வெளியூர்த் தனியார் விடுதிப் பள்ளிக்கு மாற்றினால், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடும் அதனோடு வரும் கட்டண உதவியும் மாத உதவித்தொகையும் போய்விடும். அரசுப் பள்ளியிலேயே இருந்தபடி கணிதத்தோடு அறிவியல் பிரிவில் தொடரும் மாணவருக்கு மாநில வாசல், அகில இந்திய வாசல் இரண்டும் திறந்தே இருக்கின்றன. பிளஸ் டூ தொடங்கிய சில மாதங்களில், அக்டோபர், நவம்பர் மழைக்கு நடுவே, அவர் பெயரில் போக வேண்டிய முதல் விண்ணப்பம் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வுக்கானது.